பேட்டரி சைக்கிளில் பீச்சுக்கு போறீங்களா? வேகத்தை கூட்டினா ஜெயில்!

காரைக்கால்,
திரு.பட்டினம் அருகே பட்டினச்சேரி போன்ற மீனவ கிராமங்களில் கடற்கரை என்பது வெறும் காத்து வாங்கும் இடம் இல்லை. வலை பின்னுவதும், கருவாடு காய வைப்பதும், பிள்ளைகள் விளையாடுவதும் அதே மணலில்தான். அங்கே சத்தமே இல்லாமல் பின்னாடி வந்து நிற்கும் பேட்டரி சைக்கிளால் ஆபத்து அதிகம். 'சைக்கிள்தானே, யார் கேட்கப்போறா?' என்று நினைப்பவர்கள் சட்டத்தை தெரிந்துகொள்வது நல்லது.

எது சைக்கிள்?

மோட்டார் சக்தி 250 வாட்டுக்கு குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டரை தொடும்போது மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் மோட்டார் நிற்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவை தாண்டக்கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தின் சான்றும் வேண்டும். இதெல்லாம் இருந்தால் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த சான்றை கேளுங்கள்.

அப்பாவுக்கு 3 ஆண்டு

'லாக்'கை எடுத்துவிட்டு வேகத்தை கூட்டினால் அது சைக்கிள் இல்லை, மோட்டார் வாகனம். மக்கள் வந்துபோகும் உரிமை உள்ள எல்லா இடமும் மோட்டார் வாகன சட்டப்படி பொது இடம். அதனால் பீச், பார்க் எல்லாம் அதில் அடங்கும். அந்த வண்டியை 18 வயது ஆகாத பையன் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், 2019 சட்ட திருத்தப்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

சைக்கிளுக்கும் வழக்கு

சட்டப்படியான பேட்டரி சைக்கிளே ஆனாலும், பொது வழியில் உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 281-வது பிரிவில் வழக்கு பாயும். 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

போர்டை பாருங்க

பார்க்குக்கு விதி போடுவது உள்ளாட்சி நிர்வாகம். வாசலில் 'சைக்கிளுக்கு அனுமதி இல்லை' என்று இருந்தால் பேட்டரி சைக்கிளுக்கும் அதேதான். புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு தடை உள்ளது.

கூட்டம் இருந்தால் இறங்கி தள்ளிக்கொண்டு போங்கள். உப்புத்தண்ணி பட்டால் மோட்டாரும் பேட்டரியும் சீக்கிரம் கெட்டுப்போகும். அலை ஓரம் ஓட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.