ஜன்னலுக்குச் சட்டம் அடித்தவர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மசாலா பண்டகசாலை. கீழே சுக்கு மூட்டைகள், மாடியில் கணக்கெழுத இரண்டு கம்ப்யூட்டர்கள். 2010 வாக்கில் அங்கே எனக்கு வேலை. 512 எம்பி ரேம் மட்டுமே இருந்த பழைய பெட்டியில் உபுண்டு 10.04 போட்டிருந்தேன். முதலாளியின் பையன் பத்தாம் வகுப்பு. ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் கேரளப் பள்ளிகளிலும் அதே உபுண்டுதான் ஓடியது என்பதால் அவனுக்கு நான் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வந்ததும் ஜன்னல்களுக்கு ஜாலம் காட்டும் காம்பிஸை முடுக்கிவிட்டான். திரை கனசதுரமாகச் சுழன்றது. இழுத்த ஜன்னல் அல்வாத்துண்டு போல நெளிந்தது.

ஒரு மதியம் மாடியிலிருந்து கத்தல்: "சேட்டா, விண்டோவின்றெ தல போயி!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். காம்பிஸ் செத்திருந்தது. சுக்குக் கணக்கு திரையில் அப்படியே இருக்கிறது. தலைப்பட்டையைக் காணோம், மூடும் பொத்தானைக் காணோம், ஜன்னலை ஓர் அங்குலம் நகர்த்த வழியில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போனேன். அங்கே ஒரே வரி: விட்டுவந்த திரைக்கு, காம்பிஸின் இடத்தில், 'மெட்டாசிட்டி --ரீப்ளேஸ்'. எஃப்7 அழுத்தித் திரும்பினால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தலை முளைத்திருந்தது. சேமிக்காத கணக்கில் ஓர் எண்கூடக் குறையவில்லை.

இந்த இரங்கல் அந்த ஒரு வரிக்காக.

1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ, ஜன்னலைத் திரையில் காட்டுவதோடு நின்றுகொண்டது. சட்டம் அடிப்பது, தலைப்பட்டை வைப்பது, எது மேலே எது கீழே என்று அடுக்குவது எல்லாம் விண்டோ மேனேஜர் என்ற வேறொரு நிரலின் பாடு. 1987இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டிடபிள்யூஎம், 1993இல் ராப் நேஷனின் எஃப்விடபிள்யூஎம் என்று தச்சர்கள் பெருகினார்கள். குனோம் டெஸ்க்டாப்பே என்லைட்டன்மென்ட், சாஃபிஷ், மெட்டாசிட்டி என்று ஆள் மாற்றிக்கொண்டே வந்தது. மெட்டாசிட்டியை எழுதிய ஹேவக் பென்னிங்டன், மற்றவர்களுடையது கலர் கலரான இனிப்புத் தானியம், என்னுடையது வெறும் தானிய வளையம் என்ற பொருளில் கேலி செய்தார். கொச்சிக் கணக்கில் சொன்னால் கஞ்சியும் பயறும்.

பஜார் ரோட்டின் பழைய கடைகளுக்குப் பலகைக் கதவுதான். காலையில் ஒவ்வொரு பலகையாக உருவிச் சுவரில் சாத்துவார்கள். ஒரு பலகை உளுத்தால் தச்சரைக் கூப்பிட்டு அதை மட்டும் மாற்றலாம். உள்ளே சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். விண்டோ மேனேஜரும் எனக்கு அப்படித்தான்.

2011 ஏப்ரலில் குனோம் 3 வந்தது, அதே மாதம் உபுண்டுவில் யூனிட்டி என்ற புது முகப்பு வந்தது. மேலொரு பட்டை, கீழொரு பட்டை போய்விட்டதே என்று ஊரே ஒப்பாரி வைத்தது. நான் அதற்கு அழவில்லை. அர்ஜென்டினாக்காரர் ஒருவர் பழைய குனோமை மாட்டே என்ற பெயரில் தனியாகப் பிரித்து எடுத்தார். அது இன்றும் நன்றாகவே இருக்கிறது. தோற்றத்துக்குச் சாவில்லை.

செத்தது திரை வேறு, ஜன்னல் மேய்ப்பது வேறு என்ற பிரிவினை. எக்ஸுக்கு மாற்றாகக் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்டில், திரையை ஆள்வதும் ஜன்னல்களை அடுக்குவதும் ஒரே நிரல். காரணங்கள் நியாயமானவை. எக்ஸில் நீங்கள் ஒரு ஜன்னலில் தட்டும் கடவுச்சொல்லை இன்னொரு நிரல் ஒட்டுக்கேட்க முடியும். படம் ஓடும்போது குறுக்கே கிழிசல் விழும். அந்தக் கிழிசலோடு எத்தனையோ சினிமா பார்த்திருக்கிறேன். ஆனால் குனோமில் இப்போது அந்த ஒரே நிரல் விழுந்தால் ஜன்னல்களும் கூடவே போய்விடும். பலகை உளுத்தால் கடையே சரிகிற ஏற்பாடு.

எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப்களில் எக்ஸ் இன்னும் மூச்சுவிடுகிறது. ஆனால் 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இன் குனோமில் எக்ஸ் அமர்வையே எடுத்துவிட்டார்கள். பண்டகசாலைக் கணக்கும் பிரவுசருக்குப் போய்விட்டது. திறந்திருப்பது ஒரே ஜன்னல். அதற்கு யார் சட்டம் அடித்தால் என்ன என்று பையன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

குனோம் 3 எக்ஸில் ஓடிய காலத்தில் ஒரு சலுகை மிச்சமிருந்தது. ஆல்ட், எஃப்2, பிறகு 'ஆர்' என்று ஓர் எழுத்து: குனோம் ஷெல் செத்துப் பிழைக்கும், ஜன்னல்கள் அப்படியே இருக்கும். புது லேப்டாப்பில் பழக்க தோஷத்தில் அதை அடித்துப் பார்த்தேன். வேலண்டில் மறுதொடக்கம் கிடையாது என்று பெட்டிக்குள் ஒரு வரி வந்தது. எஸ்கேப் அழுத்தினேன்.