ஆறடி உயரமா பாஸ்? உங்க காலுக்கு ஏத்த கயாக்கை இப்படித் தேர்ந்தெடுங்க!

பஸ்ல உட்கார்ந்தா முன் சீட் முட்டியில இடிக்கும். ஸ்கூட்டர்ல ஏறினா முட்டி ஹேண்டில்பார்ல தட்டும். ஆறடிக்கு மேல வளர்ந்தவங்களுக்கு இதெல்லாம் பழகிப்போன கதை. கயாக் வாங்கும்போதும் இதே கதைதான். ஆனா, பஸ்ல கால் மரத்துப்போனா எழுந்து நிக்கலாம். நடுத்தண்ணியில அது முடியாது!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கிற ஊர் ஸ்ரீரங்கம். தண்ணியைப் பார்த்தே வளர்ந்த பசங்களுக்குத் துடுப்புப் போடும் ஆசை வராமல் இருக்குமா? ஆனா, அப்பார்ட்மென்ட் வீட்டில் 10 அடி பிளாஸ்டிக் படகை எங்கே நிறுத்துவது? அதற்குத்தான் பைக்குள் அடங்கும் போர்ட்டபிள் கயாக்.

என்னென்ன வகை?

காற்றடிப்பது, மடிப்பது, துண்டு துண்டாகக் கழற்றி மாட்டுவது என மூன்று வகை உண்டு. மடிக்கும் வகை, காகிதக் கப்பல் மாதிரி பிளாஸ்டிக் தகட்டை மடித்துச் செய்வது, விலை அதிகம். கழற்றி மாட்டும் வகை கனமானது. முதல்முறை வாங்குபவர்களுக்குக் காற்றடிக்கும் வகையே சரி. பெரும்பாலும் 10 முதல் 18 கிலோ எடைதான். அகலமாக இருப்பதால் சட்டென்று ஆட்டம் காணாது. உயரமானவர்களுக்கு உடல் எடை மேலே தூக்கி நிற்பதால், இந்த அகலம் ரொம்ப முக்கியம்.

படகு நீளத்தைப் பார்க்காதீங்க!

விளம்பரத்தில் போடுவது படகின் வெளிநீளம். இரண்டு முனைகளிலும் காற்றுப்பை இடத்தை அடைத்துக்கொள்ளும். உங்களுக்குத் தேவை உள்நீளம்.

சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியை லேசாக மடக்கித் தரையில் உட்காருங்க. சுவரிலிருந்து பாத நுனி வரை அளந்து, கூட 10 செ.மீ சேர்த்துக்கோங்க. சீட்டின் சாய்மானத்திலிருந்து கால் வைக்கும் இடம் வரை அந்த அளவு இருக்கணும். காலை விறைப்பாக நீட்டியே உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். நெஞ்சு வரை மடக்கினால் துடுப்பு முட்டியில் இடிக்கும்.

எளிய வழி ஒண்ணு இருக்கு. இரண்டு பேர் படகை வாங்கி, ஒரு சீட்டைக் கழற்றிவிட்டுத் தனியாக ஓட்டுவது. உதாரணமாக, இன்டெக்ஸ் சேலஞ்சர் கே1 ஒருவருக்கானது: 274 செ.மீ நீளம், 100 கிலோ தாங்கும். அதே கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் கே2 இருவருக்கானது: 312 செ.மீ நீளம், 91 செ.மீ அகலம், 180 கிலோ தாங்கும். 85 கிலோ எடையுள்ள ஆறடிக்காரர், தண்ணி பாட்டில், பை சகிதம் ஏறினால் முதல் படகு எல்லையைத் தொட்டுவிடும். போட்டிருக்கிற தாங்குதிறனில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருப்பதே நல்லது.

கால் பெருசா இருந்தா, மேல்பக்கம் திறந்த மாடலே பெஸ்ட். கவிழ்ந்தால் காலைச் சட்டென்று வெளியே எடுக்க முடியணும். ரிட்டர்ன் வசதி இருந்தா, வீட்டு ஹாலிலேயே காற்றடித்து 20 நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. கால் மரத்துப்போனா திருப்பி அனுப்பிடுங்க.

துடுப்பும் ஜாக்கெட்டும்

கூடவே வரும் துடுப்பு பல நேரம் குட்டையாக இருக்கும். அகலப் படகில் உயரமானவருக்கு 240 செ.மீ சரியா இருக்கும், 90 செ.மீக்கு மேல் அகலம்னா 250. லைஃப் ஜாக்கெட்டை உயரம் பார்த்து வாங்காம, மார்பளவும் எடையும் பார்த்து வாங்குங்க. மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால், அது காது வரை ஏறக் கூடாது.

திருச்சி வெயில் ஜாக்கிரதை!

சூட்டில் காற்று விரியும். காற்றடித்த படகை மத்தியான வெயிலில் கரையில் விட்டால் தையல் பிரியலாம். கரைக்கு வந்ததும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, நிழலில் போடுங்க. நல்லா காயவைத்த பிறகே மடிக்கணும்.

எங்கே ஓட்டுறது?

வாசல்லயே ஆறு ஓடுதேன்னு இறங்கிடாதீங்க. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். அதன்பின் கோடையில் பெரும்பாலும் மணல்தான். தண்ணி ஓடும் மாதங்களிலோ, முக்கொம்பில் திறந்துவிடும் அளவைப் பொறுத்து வேகம் மாறும். 2018 ஆகஸ்ட்டில் அங்கே கொள்ளிடம் அணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டது நினைவிருக்கும். அத்தனை கனமான மதகையே தூக்கிப்போன தண்ணிக்கு, 15 கிலோ படகு எம்மாத்திரம்? தடுப்பணைக்குக் கீழே சுழலும் தண்ணி, படகையும் ஆளையும் உள்ளேயே சுழற்றிப் பிடித்துக்கொள்ளும். மணல் பள்ளங்கள் வெளியே தெரியாது. கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு.

அனுமதி இல்லாத இடத்தில் இறங்கவே வேண்டாம். நீச்சல் தெரிந்தாலும், முதல் பாடம் அமைதியான தண்ணியில், கூட ஆள் இருக்கும்போதுதான். சென்னைக்குப் பக்கத்தில் கோவளம், ராமநாதபுரம் மாவட்டத்தில் வனத்துறை நடத்தும் காரங்காடு அலையாத்திக் காடு போன்ற இடங்களில் கயாக் ஓட்டலாம். வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை வாடகைப் படகில் உட்கார்ந்து பாருங்க. கால் எங்கே இடிக்குது, எவ்வளவு நேரத்தில் முதுகு வலிக்குதுன்னு தெரிஞ்சுடும். அந்த ஒரு மணி நேர வாடகை, தப்பான படகுக்குப் போகவிருந்த ஆயிரங்களை மிச்சப்படுத்தும்!