நிகண்டும் கணினியும்

ஐதராபாத்து நகரின் அமீர்பேட், கணினிப் பயிற்சிக் கூடங்களுக்குப் பெயர் பெற்றது. தமிழிளைஞர் பலரும் ஆங்கு வந்து கணினிமொழி பயில்கின்றனர். அக்கல்விக்கும் நம் முன்னோர் வளர்த்த சொற்கல்விக்கும் உறவுண்டு என்பதை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

எழுத்தை மட்டும் ஒப்பிடும் கணினி பொருளை உணராது. 'யானை' எனத் தேடுவோர்க்குக் 'களிறு' என்றெழுதிய ஏடு கிட்டாது. 'வேழம்' எனத் தேடுவோர்க்கோ யானையோடு கரும்பும் வந்து நிற்கும். 'மரத்தை', 'மரத்தால்' என்பன 'மரம்' என்பதன் வடிவங்களே என்பதையும் அதற்குக் கற்பித்தல் வேண்டும்.

இவ்விடர் புதிதன்று. ஒருபொருட்குப் பலசொல்லும், பலபொருட்கு ஒருசொல்லும் உரியவாதலைத் தொல்காப்பிய உரியியலே சுட்டுகின்றது. சேந்தன் திவாகரம் தன் 12 தொகுதிகளுள் முதற்பத்தில் ஒவ்வொரு பொருளின் பல பெயர்களையும், பதினொன்றாவதில் ஒருசொல்லின் பல பொருள்களையும், இறுதியில் தொகைப்பெயர்களையும் வகுத்தது. ஆயினும் அதனை மனனம் செய்தோர்க்கே சொல் எளிதிற் கைவந்தது. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து அகரவரிசையில் அமைந்தமையால், மனனம் செய்யாதார்க்கும் வழி திறந்தது.

மேலைநாட்டில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் மில்லர் 1985-இல் 'வேர்டுநெட்' என்னும் சொல்வலையைத் தொடங்கினார். ஒருபொருட் சொற்கள் அதில் ஒரு கணமாகும். கணங்கள் இனம், உறுப்பு முதலிய உறவுகளாற் பிணைக்கப்படும். இவ்வுறவுச் சொற்களை வினாவோடு சேர்த்தால் தேடல் சிறக்கும் எனப் பலர் கருதினர். ஆயின் எலன் வூர்ஹீஸ் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, விரிவான வினாக்களுக்கு இதனாற் பெரும்பயன் இல்லை என்றும், சுருங்கிய வினாக்களுக்குப் பொருளை மனிதர் தெரிந்து கொடுத்தவிடத்துப் பயனுண்டு என்றும் காட்டியது. சொல்லைப் பெருக்குதல் எளிது. பொருளைத் தெரிதலே அரிது.

தமிழில், பொருட்புல அடிப்படையில் ச. இராசேந்திரன் ஆக்கிய 'தற்காலத் தமிழ்ச் சொற்களஞ்சிய'த்தைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 2001-இல் வெளியிட்டது. தமிழ்ச் சொல்வலைப் பணியும் அவர் முயற்சியால் வளர்ந்தது. நிகண்டு மரபே புதுவடிவம் கொண்டது எனலாம்.

ஓலையிலிருந்த நூல்களைச் செல்லரித்தது. அச்சு அவற்றுட் பலவற்றைக் காத்தது. இன்று மின்வடிவில் ஏறிய நூலும், தேடுவார் கைக்கு எட்டாதேல் மறைந்த நூலே ஆகும். அதனை எட்டச்செய்வோர் தமிழும் கணினியும் ஒருங்கறிந்தவராதல் வேண்டும். அமீர்பேட்டிற் பயிலும் நம் இளைஞர் நிகண்டையும் ஒருமுறை புரட்டுவாராக. ஆங்கே அவர்க்குரிய பணி காத்திருக்கின்றது.