ஜெட் லாக்: சென்னைக்கும் மொன்றியாலுக்கும் நடுவே

பல நேர வலயங்களை விமானத்தில் விரைந்து கடந்தவரின் உடற்கடிகாரம், போய் இறங்கிய ஊரின் பகலிரவோடு சில நாட்கள் பொருந்தாமல் இருக்கும் நிலையே ஜெட் லாக். பயணக் களைப்பு வேறு. வடக்கு தெற்காக எத்தனை மணி நேரம் பறந்தாலும் களைப்பு வரும். ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் தீரும். ஜெட் லாக் வருவது கிழக்கு மேற்காகப் பறக்கும்போதுதான். கனடாவின் மொன்றியால் நகரம் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. அங்கே குடியேறிய ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் இது பழகிய தொல்லை.

தலைமைக் கடிகாரம் மூளையின் ஹைப்போதலாமஸில் இருக்கிறது. இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சிறு திரள் அது. அதன் ஒரு சுற்று சராசரியாக 24.2 மணி நேரம். அந்தச் சிறு மிகுதியை நாள்தோறும் திருத்துவது வெளிச்சம். விழித்திரையில் மெலனாப்சின் கொண்ட அணுக்கள் அந்தச் சேதியை நேராகத் திரளுக்கு அனுப்புகின்றன. கல்லீரல், குடல், கணையம் போன்ற உறுப்புகளுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவை சாப்பாட்டு வேளையையும் பார்த்து நடப்பவை. பயணத்துக்குப் பின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நகர்வதால் ஊரோடு மட்டுமல்ல, தமக்குள்ளும் ஒத்துப்போவதில்லை. தூக்கக் கேட்டோடு மலச்சிக்கல், வயிற்றுப் பொருமல், பசியின்மை, எரிச்சல், கவனக் குறைவு எல்லாம் சேர்ந்து வருவது இதனால்தான்.

டிசம்பரில் சென்னையிலிருந்து வந்த தாய் மொன்றியாலில் அதிகாலை இரண்டரை மணிக்கு எழுந்து சோறு தேடுவது இயல்பு. ஊரில் அப்போது பிற்பகல் ஒரு மணி. மாலை ஆறு மணிக்கு மகன் வேலை முடிந்து வந்து பேச உட்காரும்போது அவர் உடலுக்கு விடிகாலை நாலரை. உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து, விழிப்பும் நினைவும் மங்கியிருக்கும் வேளை அது. பேச்சின் நடுவே அவர் கண் சொக்குவதை முதுமை என்றோ அக்கறையின்மை என்றோ எடுத்துக்கொள்வது பெரும் தவறு. முதல் சில மாலைகளில் கைக்குழந்தையை அவரிடம் தனியே விட்டுப் போவதும் நல்லதல்ல.

இந்தக் குழப்பம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு மொன்றியாலிலேயே சான்று உண்டு. மெகில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஆய்வு நிலையத்தில் டயான் புவாவன் குழுவினர் 2018இல் வெளியிட்ட சோதனை இரவு வேலைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஆரோக்கியமான எட்டுப் பேரின் தூக்க வேளையைப் பத்து மணி நேரம் தள்ளிவைத்தார்கள். ஏறக்குறைய சென்னைக்கும் மொன்றியாலுக்கும் உள்ள இடைவெளி. நான்கு நாள் கழித்தும் ரத்த வெள்ளையணுக்களில் நாளோட்டம் கொண்ட மரபணுக்களில் பெரும்பாலானவை பழைய நேரத்திலேயே ஓடின. அவற்றின் ஏற்ற இறக்கமும் மட்டுப்பட்டிருந்தது. நோய் எதிர்ப்புச் செயல்களும் அதில் அடக்கம்.

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகமும் இந்நகரில்தான். நெடுந்தூரம் பறக்கும் ஊழியருக்கு ஓய்வு கணக்கிட அங்கே உருவான சூத்திரத்தை எல். ஈ. பியூலி 1970இல் விளக்கி எழுதினார். பயண மணிகளில் பாதி, நான்குக்கு மேற்பட்ட நேர வலயங்கள், புறப்படும் வேளைக்கும் சேரும் வேளைக்கும் உரிய எண்கள் ஆகியவற்றைக் கூட்டினால் ஓய்வு நாளின் பத்திலொரு பங்குகளாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் சென்னையில் அதிகாலை 2 மணிக்குக் கிளம்பி 22 மணி நேரம் பயணம் செய்து, மொன்றியாலில் பிற்பகல் ஒன்றரைக்கு இறங்குபவருக்கு 11, 6.5, 3, 2 என மொத்தம் 22.5. அதாவது இரண்டேகால் நாள்; அரை நாளாக உயர்த்தினால் இரண்டரை. வேலைக்குத் திரும்ப இது போதலாம். கடிகாரம் முழுதும் சீராக ஒரு வாரமாவது பிடிக்கும்.

மேற்கே போவது ஒப்பீட்டளவில் எளிது. இயல்பாகவே நீண்ட சுற்றைக் கொண்ட கடிகாரத்துக்குப் பின்னே நகர்வது நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வரை கைகூடும். முன்னே நகர்வது சுமார் ஒரு மணி நேரம்தான். உடல் வெப்பம் மிகத் தாழும் நேரத்துக்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்தள்ளும், அதற்குப் பின் படுவது முன்னிழுக்கும். ஆகவே டிசம்பரில் மொன்றியால் வந்தவர் நண்பகலிலிருந்து நாலேகால் மணிச் சூரிய அஸ்தமனம் வரை வெளியே நடப்பது நல்லது. ஜூனிலோ தாழ்வு நேரம் மாலை ஏழு. சூரியன் எட்டே முக்காலுக்குத்தான் மறைகிறது. முதல் ஓரிரு நாள் ஏழுக்குப் பின் கறுப்புக் கண்ணாடி உதவும். மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை வருபவருக்குத் தாழ்வு நேரம் பிற்பகல் மூன்று. சபாவில் தூங்கிவிழ வைப்பது அதுவே. அவர் காலை வெயிலில் கடற்கரையில் நடந்தால், முன்னே வரவேண்டிய கடிகாரம் பின்னே போகத் தொடங்கிவிடும்.

கனடாவில் மருந்துச் சீட்டின்றியே கிடைக்கும் மெலடோனின் 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை, சேர்ந்த ஊரில் படுக்கும் வேளையில் எடுத்தால் பலருக்குப் பயன் தருகிறது. வலிப்பு நோயாளிகளும் வார்ஃபரின் உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. இன்சுலின் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். மேற்கே பறக்கும் நாள் நீள்வதால் கூடுதல் ஊசி தேவைப்படலாம். கிழக்கே பறக்கும் நாள் குறுகுவதால் வழக்கமான அளவே சர்க்கரையை ஆபத்தாகத் தாழ்த்திவிடலாம். புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே பயண நேரத்தைச் சொல்லி, ஊசி வேளைகளை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.