வேளை தவறாத மருந்து: உறுப்பு மாற்றின் வரலாற்றில் 'அளவு' என்னும் சிக்கல்

உறுப்பு மாற்றின் வரலாறு பெரும்பாலும் அறுவை மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் குருதி நாளங்களை இணைத்துத் தைக்கும் நுட்பத்தை அலெக்சிஸ் காரெல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டார்; 1912இல் அதற்காக நோபெல் பரிசும் பெற்றார். அப்படியிருந்தும், ஒருவரின் சிறுநீரகம் மற்றொருவரின் உடலில் ஆண்டுக்கணக்கில் இயங்கியதை உலகம் காண 1954ஆம் ஆண்டு ஆயிற்று. தடையாக நின்றது தையல் அன்று. உறுப்பை ஏற்க வேண்டிய உடல்.

அத்தடையின் இயல்பை விளக்கியவர் பீட்டர் மெடவார். இரண்டாம் உலகப் போரின்போது தீக்காயமுற்றோருக்குப் பிறர் தோலை ஒட்டிப் பார்த்த ஆய்வில், ஒரே கொடையாளரின் தோல் இரண்டாம் முறை ஒட்டப்படும்போது முதன்முறையைவிட விரைவாக உதிர்வதை அவர் கண்டார். உடல் அந்நியத் திசுவை அடையாளம் காண்கிறது. அதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. 'நிராகரிப்பு' என்று இன்று வழங்கும் சொல்லின் உட்பொருள் இதுதான். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே செய்த அறுவை வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒருகரு இரட்டையர் என்பதே. அங்கே அந்நியம் இல்லை; மருந்தும் தேவைப்படவில்லை.

இரட்டையர் அல்லாதோருக்கு என்ன வழி? 1950களின் பிற்பகுதியில் உடல் முழுவதும் கதிர்வீச்சுச் செலுத்திப் பார்த்தனர். எதிர்ப்பாற்றல் அழிந்தது, அதனுடன் தொற்றைத் தடுக்கும் காப்பும் அழிந்தது. பெரும்பாலோர் பிழைக்கவில்லை. முற்றாக ஒடுக்கினால் தொற்று, ஒடுக்காவிட்டால் நிராகரிப்பு என்னும் இருமுனைச் சிக்கல் அப்போதே வெளிப்பட்டது. அதன்பின் வந்த ஒவ்வொரு மருந்தின் கதையும் இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய பாதையைத் தேடிய கதையாகும்.

முதல் பாதை புற்றுநோய் மருந்தொன்றிலிருந்து கிடைத்தது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின், முயல்களில் எதிர்ப்புப் பொருள் உருவாவதைத் தடுப்பதை ஷ்வார்ட்ஸ், டாமஷெக் இருவரும் 1959இல் காட்டினர். ராய் கால்ன் அதை நாய்களின் சிறுநீரக மாற்றில் சோதித்தார். அதன் வழித்தோன்றலான அசதயோப்ரின் 1960களில் மனிதருக்கு வந்தது. 1963இல் தாமஸ் ஸ்டார்சல் அதனுடன் பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டைச் சேர்த்தபோது, உறுப்பு மாற்று ஒரு சோதனை என்ற நிலையிலிருந்து சிகிச்சை என்ற நிலைக்கு நகரத் தொடங்கியது.

எலியனின் ஆய்வுக்கூடத்திலேயே மற்றொரு மருந்தும் பிறந்தது. மெர்காப்டோபியூரினை உடல் விரைவில் சிதைத்துவிடாமல் தடுப்பதற்காக ஆராயப்பட்ட அல்லோபியூரினால், பின்னர் கீல்வாதத்தின் ஒரு வகையான யூரிக் அமில நோய்க்குப் புகழ்பெற்ற மருந்தாயிற்று. ஆகவே அசதயோப்ரின் உண்பவர் மூட்டுவலிக்காக வேறொரு மருத்துவரிடம் சென்று, தாம் உண்ணும் மருந்தைச் சொல்லாமல் அல்லோபியூரினால் பெற்று வந்தால், அசதயோப்ரினின் செயல் பன்மடங்கு ஓங்கி எலும்பு மச்சை ஒடுங்கிவிடக்கூடும். 'எந்த மருத்துவரிடம் சென்றாலும் முழு மருந்துப் பட்டியலையும் காட்டுக' என்னும் அறிவுரை வெறும் சம்பிரதாயம் அன்று. இரண்டு மருந்துகளின் உடன்பிறப்பு வரலாறு அதற்குப் பின்னே நிற்கிறது.

அடுத்த திருப்பம் மண்ணிலிருந்து வந்தது. நார்வேயின் ஹார்டங்கர்விடா பீடபூமியில் 1969இல் எடுத்த மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து சாண்டோஸ் நிறுவனம் சைக்ளோஸ்போரினைப் பெற்றது. 1978இல் கால்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். நிராகரிப்பு குறைந்தது, ஆனால் விலங்குச் சோதனைகள் முன்னறிவிக்காத ஓர் உண்மை மனிதரில் புலப்பட்டது. சிறுநீரகத்தைக் காக்க வந்த மருந்து, அளவு மிகுந்தால் அச்சிறுநீரகத்தையே சிதைத்தது. குருதியில் மருந்தின் அளவைத் தொடர்ந்து அளக்கும் வழக்கம் இவ்வனுபவத்தின் விளைவாக வேரூன்றியது.

1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸும் இவ்விதிக்கு உட்பட்டதே. அதன் பெயரின் முதலெழுத்தில் அவ்வூர் இன்றும் ஒளிந்திருக்கிறது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்த சிரோலிமஸ் பிழைத்ததற்கு இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்த சுரேன் சேகல் காரணர். 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் அவ்வாய்வைக் கைவிட்டபோது, அவர் அந்நுண்ணுயிரை வீட்டு உறைபெட்டியில் பாதுகாத்தார். 1999இல் அது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்றவை பயன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. இதிலிருந்தே அன்றாட ஒழுங்குகள் பிறக்கின்றன. 12 மணி நேர இடைவெளியில் நாள்தோறும் ஒரே வேளையில் உண்ண வேண்டும். குருதிப் பரிசோதனை நாளன்று காலை மருந்தைக் குருதி கொடுத்த பின்னரே உண்ண வேண்டும். முன்பே உண்டுவிட்டால் எண் பொய்யாக உயர்ந்து, மருத்துவர் அளவைத் தவறாகக் குறைக்க நேரும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக உண்ணலாகாது. மருந்துக்கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையோ, மெல்லக் கரையும் வகையோ மாற்றிக் கொடுக்கப்பட்டால் மருத்துவரைக் கேட்காமல் ஏற்கலாகாது. உடல் உறிஞ்சும் அளவு வகைக்கு வகை வேறுபடும்.

உணவும் இக்கணக்கில் புகுந்தது தற்செயலாகவே. 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் வேறொரு மருந்தை ஆராய்கையில், மதுவின் சுவையை மறைக்கக் கலந்த கிரேப்ஃபுரூட் சாறு மருந்தின் அளவை உயர்த்துவதைக் கண்டனர். குடலிலும் கல்லீரலிலும் மருந்தைச் சிதைக்கும் நொதிகளுள், குடலில் உள்ளதை அச்சாறு முடக்குகிறது. அதன் தாயினமான பம்ப்ளிமாஸுக்கும் இது பொருந்தும். எதிர்த்திசையிலும் சான்று உண்டு: மனச்சோர்வுக்கு உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகையால் சைக்ளோஸ்போரின் அளவு வீழ்ந்து, இதய மாற்றுப் பெற்ற இருவருக்கு நிராகரிப்பு நேர்ந்ததைச் சூரிச் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டு பதிவுசெய்தனர். மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்னும் நம்பிக்கைக்கு இது தக்க மறுப்பு.

இந்தியாவில் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது. இங்கே இம்மருந்துகள் வேறு இரு நெருக்கடிகளைச் சந்தித்தன. முதலாவது காசநோய். எதிர்ப்பாற்றல் ஒடுங்கிய உடலில் அது எளிதில் தலைதூக்கும்; அதைத் தீர்க்கும் ரிஃபாம்பிசினோ டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டின் அளவையும் கடுமையாகக் குறைத்துவிடும். இரண்டாவது விலை. மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் டில்டியாசம், கீட்டோகோனசோல் போன்றவற்றை உடன் கொடுத்து, விலையுயர்ந்த சைக்ளோஸ்போரினைக் குறைந்த அளவில் பயன்படுத்தும் முறையை மருத்துவர்கள் கையாண்டனர். அதாவது, ஒருவர் அறியாமல் செய்தால் ஆபத்தாகும் அதே வினை, அளந்து செய்தால் ஏழை நோயாளிக்கு உதவியாயிற்று. வேறுபாடு கண்காணிப்பில் உள்ளது.

இவ்வளவு வரலாற்றுக்குப் பின்னும் மாற்றுறுப்புகள் இழக்கப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம் மருந்தைக் கைவிடுதல். இதில் மொழிக்கும் பங்குண்டு. தமிழில் மருந்து என்றாலே நோய் தீர்ப்பது. நோய் தீர்ந்தால் மருந்தும் தீர வேண்டும் என்பது பொது வழக்கு. இம்மருந்து அவ்வகையைச் சேர்ந்ததன்று. இது ஒடுக்குவது நோயை அன்று; நலமான உடலின் இயல்பான ஆற்றலை. ஆகவே 'நன்றாக இருக்கிறேன், இனி எதற்கு' என்னும் கேள்வி இங்கே தலைகீழாகிவிடுகிறது: நன்றாக இருப்பது மருந்து தொடர்வதால்தான். நிராகரிப்போ தொடக்கத்தில் வலி எதுவும் காட்டாமல், குருதியில் கிரியாட்டினின் எண்ணாக மட்டும் தெரியக்கூடும். உடல் உணர்வதற்குள் உறுப்பு பழுதாகியிருக்கும்.

மெடவார் கண்ட நினைவு அறுவை முடிந்த பின்னும் அழிவதில்லை. உடல் மறப்பதில்லை; ஆகவே உண்பவரும் மறக்கலாகாது. பணமின்மையோ பக்கவிளைவோ மருந்தை நிறுத்தத் தூண்டினால், நிறுத்துவதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்வதே முதற்செயல். அளவை மாற்றவும் வேறு மருந்துக்கு நகரவும் வழிகள் உண்டு. இழந்த சிறுநீரகத்தை மீட்கும் வழியோ பெரும்பாலும் இல்லை.