1918 விஷக்காய்ச்சலும் வயிற்றில் இருந்த பிள்ளைகளும்

ஒரு கொள்ளைநோயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் நோயிலிருந்து பிழைத்த தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் என்ன ஆனது என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகம் வழியாக இன்புளுயன்சா காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்தது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலை மிகவும் கொடியது. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921-ல் 25.13 கோடியாகக் குறைந்தது. சென்சஸ் வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான்.

அப்போது மண்டபத்தூர் உள்ளிட்ட காரைக்கால் பகுதி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் ஜில்லா. எல்லையில் இருந்த சுங்கச்சாவடி சரக்கை நிறுத்தலாம், காய்ச்சலை நிறுத்த முடியுமா?

இந்தக் காய்ச்சலில் அதிகம் இறந்தவர்கள் 20 முதல் 40 வயது வரை உள்ளவர்கள். அதாவது பிள்ளை பெறும் வயதினர். இந்தியாவில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். அதே ஆண்டு பருவமழையும் பொய்த்து, தானிய விலை ஏறியது. நோயும் பசியும் சேர்ந்து கர்ப்பிணிகளைத் தாக்கின.

இதன் விளைவு என்ன? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டக்ளஸ் ஆல்மண்ட் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். காய்ச்சல் பரவியபோது கருவில் இருந்து 1919-ல் பிறந்த அமெரிக்கர்களை, அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார். அவர்களுக்குப் படிப்பு குறைவு, வருமானம் குறைவு, உடல் ஊனம் அதிகம் என்று கண்டார். அவர்களுடைய பெற்றோரின் வசதிக்குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னர் வேறு சிலர் மறுத்தார்கள். ஆனால் 1944-45 நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களிடமும் பிற்காலத்தில் சர்க்கரை நோய் போன்ற கோளாறுகள் கூடுதலாகக் காணப்பட்டன.

கொரோனா வந்த கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ அபாயம் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இருந்தும் இந்தியாவில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களுடைய எடை, வளர்ச்சி, படிப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிப்பது அவசியம்.

வணிகவியலில், ஆண்டு முடிந்தபின் வரும் செலவுக்கும் முன்கூட்டியே ஒதுக்கீடு செய்வார்கள். கொள்ளைநோய்க் கணக்கிலும் கர்ப்பிணிகளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் ஒதுக்கீடு வேண்டும். 1918-ல் அதைச் செய்ய யாரும் இல்லை.