கொடை, கடன், படர்க்கை: 1933-34 ஹரிஜன நிதிப் பயணத்தின் சொற்கள்

1933 நவம்பர் 7ஆம் நாள் வார்தாவில் காந்தியடிகள் தொடங்கிய பயணம் 1934 சூலை இறுதியில் காசியில் நிறைவுற்றது. ஏறத்தாழ ஒன்பது மாத காலத்தில் அவர் கடந்த தொலைவு சுமார் 12,500 மைல். தீண்டாமை ஒழிப்புப் பணிக்கெனத் திரட்டிய தொகை சுமார் எட்டு இலட்சம் ரூபாய். சிறையிலிருந்து 1933 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டபோது, தண்டனைக் காலம் முடியும் வரை அரசியல் போராட்டத்தில் ஈடுபடுவதில்லை என்று அவர் தமக்குத் தாமே வரம்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியே இப்பயணத்துக்கு வழி வகுத்தது.

தொகையை மட்டும் நோக்கின் இது பெரிதன்று. 1921இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கென மூன்று மாதங்களில் ஒரு கோடி ரூபாய் திரட்டும் இலக்கை எட்டிய இயக்கத்துக்கு, ஒன்பது மாதத்தில் எட்டு இலட்சம் என்பது மிகச் சிறிய தொகையே. ஆயினும் இந்திய நிதி திரட்டல் வரலாற்றில் இப்பயணத்துக்குத் தனியிடம் உண்டு. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், கொடுக்கப்படுவது தருமமா கடனா என்னும் வினாக்கள் வேறெந்த நிதி முயற்சியிலும் இத்துணை வெளிப்படையாக எழுந்ததில்லை. அவ்வினாக்கள் பெரிதும் சொற்களைப் பற்றியவையாக அமைந்தமையால் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அவற்றைக் கருதிப் பார்த்தல் தகும்.

நிதி திரட்டிய முறையை முதலில் காண்போம். ஒவ்வோர் ஊரிலும் பொதுக்கூட்டம் கூடும், வரவேற்புப் பத்திரம் படிக்கப்படும், பணமுடிப்பு அளிக்கப்படும். பத்திரத்தை வைத்துத் தந்த பேழை வெள்ளியாயினும் சந்தனமாயினும் அது அம்மேடையிலேயே ஏலத்துக்கு வரும். ஏலம் கூறுபவர் பெரும்பாலும் காந்தியடிகளே. கையொப்பம் வேண்டுவோர் ஐந்து ரூபாய் தரவேண்டும். இரயில் நின்ற நிலையங்களில் சாளரத்துக்கு வெளியே நீண்ட அவர் கையில் காலணாக்களும் அரையணாக்களும் விழுந்தன. பெண்களிடம் அவர் கேட்டவை நகைகள். 1934 சனவரி 14ஆம் நாள் மலபாரின் வடகரையில் கௌமுதி என்னும் பதினாறு வயதுப் பெண் முதலில் வளையலைக் கழற்றித் தந்து, பின்னர் கழுத்து நகையையும் காதணியையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்த நிகழ்ச்சி ‘ஹரிஜன்’ வார இதழில் அவராலேயே விரிவாக எழுதப்பட்டது. பெற்றோர் இசைவு உண்டா என்று வினவி அறிந்த பின்னரே அவர் அவற்றைப் பெற்றுக்கொண்டார். கழற்றியவற்றுக்கு ஈடாக வேறு நகை செய்து அணிதல் கூடாது என்பதும் அவர் விதித்த நெறி. ஏலமும் நகையும் பணத்தைச் சேர்த்தன. இதழோ அச்செய்தியை அடுத்த ஊருக்கு முன்கூட்டியே கொண்டு சேர்த்தது. திரட்டலும் விளம்பரமும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்தன.

சிறு காசுகளை அவர் பெரிதாக மதித்தமைக்குக் காரணம் உண்டு. காலணா தந்தவர் தீண்டாமை ஒழிய இசைந்தவர் என்று அவர் கொண்டார். செல்வர் ஒருவர் தரும் ஆயிரம் ரூபாயைவிட ஆயிரவர் தரும் காசுகளில் இசைவின் எண்ணிக்கை மிகுதி. இதனை ஏற்காத சனாதனிகள் கருப்புக் கொடிகளுடன் எதிர்கொண்டனர். 1934 சூன் 25ஆம் நாள் புனேயில் அவர் செல்லவிருந்த வண்டி எனக் கருதி வேறொரு வண்டியின்மீது குண்டும் வீசப்பட்டது.

இனிச் சொற்களுக்கு வருவோம். தென்னகத்தில் காந்தியடிகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேச, உடன் நின்றவர் அவ்வூர் மொழியில் பெயர்த்துரைப்பது வழக்கம். அவர்கள் மேடையில் எச்சொல்லை ஆண்டனர் என்பதை விட, மொழி அவர்கள் முன் எச்சொற்களை வைத்திருந்தது என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

பணம் பற்றிய சொற்களில் இடர் குறைவு. இந்தியில் ‘சந்தா’ என்பது பலரிடம் தண்டும் நன்கொடை. பாரசீக வழி வந்த அதே சொல் தமிழில் இதழுக்கோ சங்கத்துக்கோ தவணைதோறும் கட்டும் தொகையைக் குறிக்கிறது. ஒருமுறை மனமுவந்து தருவதைச் ‘சந்தா’ எனப் பெயர்த்தால் தமிழ் கேட்போர் அடுத்த மாதமும் கட்டவேண்டுமோ என ஐயுறுவர். இந்தியின் ‘தைலி’க்குத் தமிழ் தந்த ‘பணமுடிப்பு’ நல்ல ஆக்கம். துணியில் முடிந்து தருதல் என்னும் பொருள் வெளிப்படை. எனினும் அதன் பின்னே ‘பொற்கிழி’ என்னும் பழஞ்சொல்லின் நிழல் உண்டு. பொற்கிழி புலவனுக்கு அரசன் அளிப்பது. தகுதி கண்டு தருவது. பணமுடிப்பைக் கையில் பெற்றவர் காந்தியடிகள். எனவே மேடைக் காட்சியில் அது பெரியவர் ஒருவருக்கு ஊரார் செய்த சிறப்பாகவே தோன்றியிருக்கும். பயன்கொள்ள வேண்டியவர் அக்காட்சியில் இடம்பெறவில்லை.

இடர் மிகுவது ‘தருமம்’ என்னும் சொல்லில்தான். வடமொழியிலும் இந்தியிலும் அறம், சமயம், கடமை என விரியும் அச்சொல், தமிழ்ப் பேச்சு வழக்கில் இரப்போர்க்கு இடுவது என்னும் பொருளுக்கும் இறங்கியுள்ளது. தீண்டாமையை ஒழித்தல் இந்துக்களின் தர்மம் என்னும் கூற்றை அச்சொல்லாலேயே பெயர்த்தால், கேட்பவர் மனத்தில் கடமை நிற்கும் இடத்தில் பிச்சையும் வந்து நின்றுவிடும். ‘பாவம்’ என்பதும் இத்தகையதே. தீண்டாமை பாவம் என்று காந்தியடிகள் கூறும்போது அது தீண்டாமையைக் கைக்கொண்டவரின் குற்றம். தமிழரோ ‘பாவம்’ என்று இரக்கத்தையும் வெளியிடுவர். அப்போது அச்சொல் துன்புறுபவரைச் சார்ந்துவிடுகிறது. குற்றம் கொடுப்பவரிடமிருந்து நழுவி, இரங்கத்தக்க நிலையாகப் பெறுபவர்மீது படிய ஒரு சொல்லே போதுமானதாகிறது.

பாவம் என்னும் கருத்து இப்பயணத்தின் நடுவே பெரும் பூசலுக்கும் காரணமாயிற்று. 1934 சனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள் அதனைத் தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை எனக் கொண்டார். இயற்கை நிகழ்ச்சிக்கு அறக் காரணம் கற்பித்தல் பகுத்தறிவுக்கு ஒவ்வாது எனத் தாகூர் மறுத்தார். அம்மறுப்பு ‘ஹரிஜன்’ இதழிலேயே காந்தியடிகளின் விடையுடன் வெளிவந்தது. தாகூரின் மறுப்பே வலுவுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தம் நிதிக்குக் கேடு விளைக்கக்கூடிய மறுப்பைத் தம் இதழிலேயே அச்சிட்ட நேர்மையும் மறக்கத்தக்கதன்று.

தருமம் என்னும் சொல் பொருந்தாதெனின் எது பொருந்தும்? விடை காந்தியடிகளின் வாதத்திலேயே உள்ளது. 1932 செப்டம்பர் 24ஆம் நாள் ஏரவாடாச் சிறையில் புனே ஒப்பந்தம் முடிந்தபின், அம்மாத இறுதியில் பம்பாயில் ஓர் அமைப்பு தோன்றியது. கனசியாம் தாஸ் பிர்லா தலைவர். தக்கர் பாபா செயலாளர். இவ்வமைப்பின் ஆட்சியில் தீண்டாமைக்கு ஆட்பட்டோர்க்கு உரிய இடம் இல்லை என்ற குறை எழுந்தபோது காந்தியடிகள் சொன்ன விடை நோக்கத்தக்கது. இது கடன்பட்டோரின் சங்கம். திருப்பிச் செலுத்தும் பொறுப்பு கடனாளிகளுடையது. ஆதலால் நடத்த வேண்டியவரும் அவர்களே என்பது அவர் நிலை. கடன் தந்தோர் அறிவுரைக் குழுக்கள் அமைத்து நிதி எவ்வாறு செலவாகிறது என ஆராயலாம் என்றும் அவர் கூறினார்.

இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேறுடையவர். ‘கடன்’ என்னும் தமிழ்ச்சொல் திருப்பிச் செலுத்த வேண்டிய பொருளையும் செய்தே தீரவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். இந்தியில் ‘ருண்’, ‘கர்த்தவ்ய’ என இரு சொற்கள் வேண்டும். காந்தியடிகள் வாதித்துக் காட்டவேண்டியிருந்த இணைப்பைத் தமிழ் தன் அகராதியிலேயே கொண்டிருக்கிறது. ஆனால் அதே சொல் அவர் வாதத்தின் ஓட்டையையும் காட்டிவிடுகிறது. கடன் தந்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை மட்டுமன்று, எதனை எப்போது எவ்வடிவில் திருப்ப வேண்டும் என்று கூறும் உரிமையும் உண்டு. கடனாளி தானே தவணையையும் வடிவையும் குறித்துக்கொள்வது உலக வழக்கில் இல்லை.

அம்பேத்கர் எழுப்பிய வினாவின் சாரம் இதுவே. அவர் அவ்வமைப்பின் மைய வாரியத்தில் தொடக்கத்தில் இடம்பெற்றிருந்தார். மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குச் செல்லும் வழியில், 1932 நவம்பரில் கப்பலிலிருந்து தக்கர் பாபாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், தனிமனிதரைச் சீர்திருத்தும் பணிகளைவிடக் கிணறு, பள்ளி, பொதுவழி ஆகியவற்றில் குடிமை உரிமையை நிலைநாட்டும் போராட்டமும் தொழிலில் சம வாய்ப்புமே முதன்மையானவை என்றும், ஊழியர்கள் அம்மக்களிடையிலிருந்தே வருதல் நலம் என்றும் வலியுறுத்தினார். அக்கடிதத்துக்கு விடையே வரவில்லை என்று பின்னர் அவர் எழுதினார். வாரியத்திலிருந்தும் விலகினார். 1945இல் வெளியிட்ட நூலில் இச்சங்கத்தைப் பற்றிய இயலுக்கு அவர் இட்ட தலைப்பைத் தமிழில் ‘அரசியல் தருமம்’ எனலாம். இங்கே தருமம் என்னும் சொல்லின் இறங்கிய பொருளே பொருத்தமானது.

அமைப்பின் பெயர் மாறிய வரிசையும் இதே கதையைக் கூறும். முதற்பெயர் அனைத்திந்தியத் தீண்டாமை எதிர்ப்புக் கழகம் என்னும் பொருளுடையது. அடுத்தது தீண்டப்படாதோரின் ஊழியர் சங்கம். இறுதியில் நிலைத்தது ‘ஹரிஜன் சேவக் சங்’. எதிர்ப்பு ஊழியமாயிற்று, தீமையின் பெயர் நின்ற இடத்தில் மக்களின் பெயர் வந்தது. தமிழில் இது ‘ஹரிஜன சேவா சங்கம்’ என வழங்குகிறது. ‘சேவக்’ என்பது ஊழியம் செய்பவனைக் குறிக்கும். ‘சேவா’ ஊழியத்தை மட்டும் குறிக்கும். உயர்சாதியார் தம்மை ஊழியராகத் தாழ்த்திக்கொள்ளும் குறிப்பு மூலத்தில் உண்டு. தமிழ்ப் பெயரில் அவ்வினைமுதல் மறைந்துவிட்டது. சிறு வேறுபாடுதான்; ஆனால் பொருளிழப்பு சிறிதன்று.

‘ஹரிஜன்’ என்னும் சொல் குசராத்தியக் கவிஞர் நரசிம்ம மேத்தாவிடம் காணப்படுவது. தீண்டாமைக்கு ஆட்பட்ட வாசகர் ஒருவர் அதனைச் சுட்டி எழுதியதாகக் காந்தியடிகள் கூறினார். 1933 பிப்ரவரி 11 முதல் ஆங்கிலத்தில் வெளிவந்த வார இதழுக்கும், அவ்வாண்டிலேயே தோன்றிய இந்தி, குசராத்தி இதழ்களுக்கும் அச்சொல்லே பெயராயிற்று. விளம்பர நோக்கில் அது மிகுந்த வெற்றி பெற்ற சொல். ஓராண்டுக்குள் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டிலோ அது வெற்றிடத்தில் வந்து விழவில்லை. ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை அம்மக்களின் அமைப்புகளே கோரிப் பெற்று, 1922இலேயே சென்னை அரசு அதனை ஏற்றிருந்தது. முன்னது இறைவனுக்குரியோர் என்று பிறர் அளித்த பெயர். பின்னது இம்மண்ணின் முதற்குடியினர் என்று தாமே உரைத்த பெயர். நிதி திரட்டலுக்கு முன்னதே ஏற்றது என்பது எளிதில் விளங்கும். இறைவனின் மக்கள் எனின் கொடுப்பவர் உள்ளம் நெகிழும்; முதற்குடி எனின் அவர் தம் உரிமைப் பத்திரத்தைத் தேட நேரும்.

தொல்காப்பியம் கொடுத்தற் பொருளில் மூன்று சொற்களை வேறுபடுத்துகிறது. ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் கேட்கும் சொல். ‘தா’ ஒத்தவன் கேட்பது. ‘கொடு’ உயர்ந்தோன் கேட்பது. இதனினும் நுட்பமானது இடம் பற்றிய விதி. தருதல் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களுக்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் உரியவை. ஒருவன் தனக்கே கேட்கும்போது ‘கொடு’ என்றால், தன்னைப் பிறன்போல் வைத்துக் கூறுகிறான் என்பது அந்நூலின் விளக்கம். பிற்கால வழக்கில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது எனினும், நிதி திரட்டுவோனின் நிலைக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் காண்டல் அரிது. அவன் நீட்டுவது தன் கை, கேட்பது பிறர்க்கு. கேட்பவன் தன்மையிலும் கொடுப்பவன் முன்னிலையிலும் நிற்க, பெறுபவன் என்றும் படர்க்கையிலேயே நிற்கிறான். 1933-34இன் கூட்டங்களில் தீண்டாமைக்கு ஆட்பட்டோர் வந்திருந்தனர். காந்தியடிகள் அவர்களின் சேரிகளுக்கும் சென்றார். ஆயினும் நிதியின் இலக்கணத்தில் அவர்கள் படர்க்கையிலிருந்து நீங்கவில்லை.

அவர்கள் தன்மையில் பேசிய இடம் வேறு. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ‘ஹரிஜன்’ என்னும் சொல்லைச் சட்டத்தில் புகுத்த முயன்றபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். தம் பெயரைத் தாமே உரைக்கும் உரிமை அன்று மறுக்கப்பட்டது. 1982இல் இந்திய அரசின் உள்துறை, சாதிச் சான்றிதழ்களில் அச்சொல்லை எழுதலாகாது என மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. எட்டு இலட்சம் ரூபாய் பள்ளிகளாகவும் விடுதிகளாகவும் கிணறுகளாகவும் உதவித்தொகைகளாகவும் செலவாகி முடிந்து பல பத்தாண்டுகள் ஆகியும், தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சங்கம் தன் பழைய பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.